ஆமைக்குள் இருந்த தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கவே இல்லை. சிறுவர் இதழ் ஒன்று ஆமைகளின் மூத்திரத்தைப் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டது. (சிரிக்காதீர்கள். எனக்கு வருவதெல்லாம் இப்படித்தான்.) குளத்து ஆமைக்குத் தண்ணீர்ப் பஞ்சமில்லை, கழிவைத் தாராளமாகக் கரைத்து விடுகிறது. கடலாமை மிஞ்சிய உப்பைக் கண்ணீராக வடிக்கிறது. தரையில் வாழும் நட்சத்திர ஆமையோ கழிவைச் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாக இறுக்கித் தள்ளிவிட்டு, தண்ணீரை மூத்திரப்பையிலேயே பத்திரப்படுத்துகிறது. கோடையில் அதிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் யாராவது தூக்கினால், பயத்தில் மொத்தத்தையும் விட்டுவிடும். பிறகு குடிக்க ஏதும் கிடைக்காவிட்டால் சாவுதான்.

இதற்கு உதாரணமாக ஒரு வரி எழுதினேன்: ‘மங்கை அதைத் தூக்கினாள்.’ மங்கை யாரென்று அப்போது எனக்கே தெரியாது.

2

எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்த ஒரு

(வேண்டாம். எண்ணூர் என்றாலே அனல்மின் நிலையச் சாம்பலில் தொடங்குவது எனக்கே அலுத்துவிட்டது.)

மங்கை கத்திவாக்கத்தில் இறால் விற்பவள். எவனோ கடத்திவந்து தவறவிட்ட நட்சத்திர ஆமை ஒன்று கரையோரப் பாறைகளுக்கு நடுவே கிடந்தது. தூக்கினாள். புடவை நனைந்தது. அவள் கணவன் தாமோதரனுக்குக் கடலாமை மட்டுமே பழக்கம். அது வலையில் சிக்கினால் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கடலிலேயே விட்டுவிடுவான்.

“சாமிமே அது. கடல்ல வுட்டுடு. இல்லாங்காட்டி தொழிலுக்குப் பேஜாரு.”

“இன்னாய்யா பேசுற? துடுப்பே இல்ல, காலுதான் கீது. இது எப்டி நீந்தும்?”

“குட்டிதான? போகப் போக வளரும்.”

அவளும் நம்பிவிட்டாள். கற்பூரம் அணைவதற்குள் ஆமை மூழ்கிப்போனது. கட்டுரைக்கு இது போதும் என்று டீ குடிக்கப் போனேன்.

3

திரும்பி வந்தபோது கடைசிப் பத்தியைக் காணோம். சத்தியமாக நான் அழிக்கவில்லை. அந்த இடத்தில் மங்கை ஆமையோடு கரையிலேயே நின்றாள். கீழே நான் எழுதாத வரிகள்.

“நைனா, நீதான எழுதிகினு கீற? இது இன்னும் மூச்சு வுட்டுகினு கீது.”

கதாபாத்திரம் தானாகப் பேசியது என்பதெல்லாம் எழுத்தாளர்களின் பீற்றல் என்று நினைத்திருந்தவன் நான். ‘நீ அதைத் தூக்கியிருக்கக் கூடாது’ என்று தட்டினேன்.

“தூக்க வெச்சதே நீதான?”

4

வேறு முடிவுகளைத் தேடினேன். வனத்துறை வண்டி வந்து ஆமையை மீட்பதாக எழுதினால், வண்டி ஒவ்வொரு முறையும் திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது.

சரி, மங்கையே ஒரு தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி ஆமையை அதில் இறக்கட்டும். ஆமை கழுத்தை நீட்டி

தட்டு வருகிறது. தண்ணீர் என்ற சொல் மட்டும் விழ மாட்டேன் என்கிறது. (இங்கே எழுத முடிகிறது. அவள் நிற்கும் பக்கத்தில் முடியவில்லை.)

கடைசியாக, எழுதுவதையே நிறுத்தினேன். அடுத்த வரி இல்லாவிட்டால் தாமோதரனால் கற்பூரம் ஏற்ற முடியாது, ஆமையும் சாகாது. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் திறந்து பார்த்தால், ஆமையின் கண்கள் உள்ளே போயிருந்தன. நான் எழுதாதபோதும் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது.

5

“இவனாண்ட ஒண்ணியும் இல்ல” என்று கணவனிடம் சொன்னதோடு சரி, மங்கை இப்போது என்னிடம் பேசுவதில்லை. தாமோதரன் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. அவள் மெல்லத் திரும்பி, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைப் பார்க்கிறாள்.

“ஒன்னாண்ட தண்ணி கீதா?”

ஆமையை உங்கள் பக்கம் நீட்டுகிறாள். தாராளமாகக் கையில் வாங்கலாம். இனிப் பயந்தாலும் விடுவதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.