அக்கா இல்லாத பதிப்பு

என் மனைவி தன் தம்பியோடு பேச்சை நிறுத்தியதில் நஷ்டம் எனக்குத்தான். அவனுக்குப் போகவேண்டிய திட்டும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

எல்லாம் எங்கள் வீட்டிலேயே இருக்கும் மச்சினன் எழுதிய ஒரு குட்டி லைப்ரரியால் வந்த வினை. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் நாம் அடிக்கும் கட்டளையைப் பிரித்து, இது ஃபைல் பெயர், இது ஆப்ஷன் என்று புரோகிராமுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமுக்குள் அதை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தப்பாக அடித்தால் அது திட்டும். "மூணாவது வார்த்தையைப் பாரு, கண்ணை எங்க வெச்சிருக்க?" என்று கேட்கும். "ஃபைல் பேரை யாரு சொல்லுவா, பக்கத்து வீட்டுக்காரங்களா?" என்று கேட்கும். அத்தனையும் இவள் சின்ன வயதிலிருந்து அவனைத் திட்டிய திட்டு. எல்லாம் அக்கா திட்டு என்று லைப்ரரியின் குறிப்பிலேயே எழுதியும் வைத்திருந்தான்.

இவளுக்குத் தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் வேலை. அங்கே புதிதாக வந்த புரோகிராமுக்குள்ளும் அந்த லைப்ரரி இருந்திருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் எதையோ தப்பாக அடிக்க, திரையில் அப்படியே இவள் பேச்சு. நீங்கள் எப்படி இதற்குள் போனீர்கள் என்று அவர் இவளைக் கேட்டாராம். மொத்த ஆபீசும் எழுந்துவந்து சிரித்ததாம். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

மூடினாள் என்றால் தம்பியிடம் மட்டும். "அந்தப் பெரிய மனுஷனைச் சாப்பிட வரச்சொல்லுங்க" என்பாள் என்னிடம். அவன் எதிரேதான் உட்கார்ந்திருப்பான். அவள் சொல்வதைப் பிரித்து, சேதி எது திட்டு எது என்று பார்த்து அவனிடம் சேர்ப்பது என் உத்தியோகமாயிற்று. திட்டைச் சேர்க்க மறந்தால் அதற்குத் தனியாக எனக்குக் கிடைக்கும்.

மச்சினன் போகும்போதும் வரும்போதும் "ஸாரிக்கா" என்றான். அவள் காதில் வாங்கவே இல்லை. கடைசியில் புதுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டான். அதில் மருந்துக்குக்கூடத் திட்டு கிடையாது. எதைத் தப்பாக அடித்தாலும் ஒரே வரி: "மன்னிக்கவும். தங்கள் கட்டளை புரியவில்லை."

மறுநாளே அவனுக்கு மெயில் குவிந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கிற ஒருவர், திட்டு விழாமல் தனக்குக் கை ஓடவில்லை என்று எழுதினார். ஒரு பல் மருத்துவமனையில் எழுந்து நின்று மௌனம் காத்தார்களாம். நான் படித்துக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஊரே ஏங்குகிற திட்டை நான் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பதிப்பு அவள் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மச்சினன் மேஜைக்குப் போனாள். சேதி வாங்கிக்கொள்ள நானும் பின்னாலேயே போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"காலையிலேர்ந்து அது மன்னிப்புக் கேட்டுட்டே இருக்குடா. தப்பு எதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. எதுன்னு சொல்லாம மன்னிப்புக் கேட்டா, நான் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

மச்சினன் "ஸாரி" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அந்த மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

"உன்னைக் கேக்காம உன் பேச்சை எடுத்துட்டேன்க்கா. உன் ஆபீஸ்லயே எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஆக்கிட்டேன்."

"இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளா?" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய திட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, இதில் காரம் போதாது, இது யாருக்கும் உறைக்காது என்று திருத்தினாள். புதிதாகச் சிலதும் சொன்னாள். அவன் அடித்துக்கொண்டே போனான். மெதுவாக அடித்ததற்கு நடுவில் நேரடியாகவே வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நான் மெல்ல, சாப்பாடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டேய், உங்க அத்தானைத் தட்டு எடுத்து வைக்கச் சொல்லு. கையை என்ன வாடகைக்கா விட்டிருக்கார்?"

மச்சினன் என் பக்கம் திரும்பினான். "அத்தான், தட்டு எடுத்து வைங்க" என்றான்.

திட்டை அவனே வைத்துக்கொண்டான்.