சிவப்பு ரிப்பன் கட்டிய குடம்

சேலையூரில் எங்கள் காலனி நலச்சங்கத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. விழாவில் பழைய புகைப்படங்களை மாட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னவன், செயலாளர் சுவிசேஷமுத்து என்கிற நானேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் என்னை மிஞ்ச கேம்ப் ரோடு நெடுகத் தேடினாலும் ஆள் கிடைக்க மாட்டான்.

படங்களைக் கொண்டுவந்தவள் ஹர்ஷா, மூன்றாவது தெரு லோகநாதனின் பேத்தி. லோகநாதன் காய்கறி வாங்கக்கூட காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன மனிதர். கல்யாணம், காதுகுத்து என்றால் எடுக்க மாட்டார். ரேஷன் கடைக் கூட்டம், மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள், கரண்ட் போன மாலையில் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள், இதைத்தான் எடுப்பார். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போவதால் பரண் காலியாகி, இரண்டு பிஸ்கட் டின் நிறையப் படங்கள் சங்க அறைக்கு வந்தன.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் லாரிப் படம் கைக்கு வந்தது. பின்பக்கம் 1989 ஏப்ரல் என்று பேனாவில் எழுதியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

அந்தக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வரும். வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும் என்பது எங்கள் தெரு வழக்கம். வரிசை நகர நகர அவரவர் குடத்தை அவரவர் முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். குடம் எல்லாம் ஒரே பச்சை பிளாஸ்டிக் என்பதால் கழுத்தில் அடையாளம் கட்டியிருப்பார்கள். என் மனைவி பியூலா எங்கள் மகள் ஹெப்சியின் சிவப்பு ரிப்பனைக் கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமியின் குடத்தில் மஞ்சள் கயிறு. இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். அப்போது அவர்களும் அப்படித்தான். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கிறிஸ்துமஸ் கேக் போகும், கோகுலாஷ்டமிச் சீடை வரும்.

ஒரு நாள் காலையில் குடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பியூலா சமைக்கப் போனாள். நான் பார்த்துக்கொண்டேன். அவள் திரும்பி வந்தபோது மாமியின் குடம் நிறைந்திருந்தது. எங்கள் குடம் வரிசையின் கடைசியில் காய்ந்து கிடந்தது. லாரியிலும் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"நான் நம்ம குடத்தைத் தள்ளிக்கிட்டேதான் இருந்தேன். யாரோ மாத்தி வெச்சிருக்காங்க" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

'யாரோ' என்றால் வேறு யார்? வாசலில் பெரிய சண்டை நடந்தது. "என் புருஷன் பொய் சொல்ல மாட்டார்" என்று பியூலா ஒரே பிடியாக நின்றாள். அன்று நின்ற பேச்சு முப்பத்தாறு வருடமாக நின்றேபோனது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பியூலா ஒரு தட்டுக் கேக்கைத் தனியாக எடுத்து வைப்பாள். சாயங்காலம் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். யாருக்காக வைத்தாய் என்று நான் கேட்டதில்லை.

படத்தில் முகத்தை பேப்பருக்குள் புதைத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். காலால் ஒரு குடத்தை முன்னால் தள்ளுகிறான். குடத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு. அவன் முதுகுக்குப் பின்னால், சிவப்பு ரிப்பன் கட்டிய குடம் கேட்பாரற்று நிற்கிறது. முகம் தெரியவில்லை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் திரைக்கு எடுத்த துணியில் மிஞ்சியதை பியூலா எனக்குச் சட்டையாகத் தைத்திருந்தாள். பச்சையும் பழுப்புமாக அன்னாசிப்பழம் போட்ட சட்டை தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இன்னொருவனிடம் இருந்திருக்க முடியாது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. படத்தைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

விழா அன்று காலையில் ஹர்ஷா வந்தாள். "அங்கிள், எல்லாத்தையும் முன்னாடியே ஸ்கேன் பண்ணிட்டேன். இதுதான் பெஸ்ட். அதான் பெரிசா போட்டுட்டேன்" என்றாள். மூன்றடிக்கு இரண்டடி. அன்னாசிப்பழங்களை எண்ணிவிடலாம்.

கூட்டத்தின் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து, போண்டாவும் காபியும் வைத்த மேஜைக்குப் பின்னால் மாட்டினேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான். கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரும் நேராக அங்கேதான் போனார்கள்.

பியூலா ஒரு பக்கமிருந்து வந்தாள். மாமி கைத்தடியை ஊன்றிக்கொண்டு மறுபக்கமிருந்து வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் படத்தைப் பார்த்தார்கள். மாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மஞ்சள் கயிற்றைக் கண்டுபிடித்தார். பியூலா சிவப்பு ரிப்பனைக் கண்டுபிடித்தாள். பிறகு சட்டையைக் கண்டுபிடித்தாள். கையில் போண்டாவோடு நான் நின்ற பக்கம் இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"சார், உங்காத்துக் குடம் எதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மாமி கேட்டார்.

"எல்லாம் பச்சையா இருந்துச்சு" என்றேன்.

"ரிப்பன் கட்டியிருந்தேனே" என்றாள் பியூலா.

"ஏதோ கட்டியிருக்குன்னு தெரியும். கட்டியிருந்ததைத் தள்ளினேன்."

பியூலாவின் கண் கலங்கியிருந்தது. இந்த மனிதனின் வாயை நம்பித்தானே வாசலில் நின்று அப்படிச் சண்டை போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் என்னை விட்டுவிட்டு மாமியின் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பவே கழுத்து மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் பியூலா, இந்த மனுஷனை வெச்சுண்டு இத்தனை வருஷம் எப்படிம்மா குடித்தனம் பண்ணினே?" என்றார் மாமி.

"நீங்க பேசியிருந்தா உங்ககிட்டயாவது சொல்லி அழுதிருப்பேன் மாமி."

மாமி கைத்தடியை இடது கைக்கு மாற்றி, வலது கையால் பியூலாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஹர்ஷா என்னிடம் மெதுவாக, "அங்கிள், படத்தை எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும்" என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

காபிக்கு வரிசை நின்றது. அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால். மேஜை மேல் டம்ளர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நான் எதையும் தொடவில்லை, தள்ளவும் இல்லை.