பாதர் கட்டினார்கள்

“அஞ்சு பேரும் ஒரே ஆளாம். பொய்ப் பேருல நீதான் எழுதுதியாம். அப்போ நான் யாருட்டீ, ஒனக்க நிழலா?” என்றான் ரெனிஷ்.

அஜிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னியாகுமரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில், மெலாரோ தளத்தின் நிர்வாகி அனுப்பியிருந்த செய்தியை மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

மெலாரோ யாருக்கும் தாய்மொழி இல்லை. எங்கோ ஒரு பள்ளி ஆசிரியர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி. தெரிந்தவர்கள் உலகம் முழுக்க நானூறு பேர் தேறினால் அதிகம். அதற்கு இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருந்தது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். மதுரையில் படித்த மூன்று வருடமும் அஜிஷா வாயைத் திறந்தாலே பாட்டுப் பாடுகிறாள் என்று சிரித்தார்கள். மெலாரோவில் அவளை எந்த ஊர்க்காரி என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் அதில் விழுந்ததே அதனால்தான்.

செப்டம்பர் முடிவதற்குள் ஐந்து பேராவது எழுதாவிட்டால் தளத்தை மூடிவிடுவோம் என்று அறிவிப்பு வந்தது. எழுதிக்கொண்டிருந்தது அவள் ஒருத்தி. மாமா மகன் ரெனிஷையும் கூட்டுக்காரர்கள் மூன்று பேரையும் கெஞ்சி இழுத்துவந்து, மொழியையும் சொல்லிக்கொடுத்தாள். கரைமடி வலை, மயிலாடிச் சிற்பிகள், சிதறால் மலை என்று நாற்பத்தோரு கட்டுரைகள். இன்று தேதி முப்பது. ஐந்து கணக்குகளையும் முடக்கிவிட்டார்கள். நிர்வாகிக்குப் பதில் எழுத அவளுடைய பேச்சுப் பக்கம் மட்டும் திறந்திருந்தது.

நிர்வாகி சொன்ன முதல் காரணம், எல்லாரும் ஒரே இணைப்பிலிருந்து எழுதியது. ஐந்து பேரும் இந்த சென்டருக்குத்தான் வருவார்கள் என்று அதற்குப் பதில் இருந்தது. இரண்டாவது காரணத்துக்குத்தான் இல்லை. மெலாரோவில் ஓர் ஆள் என்றால் ஒருமைதான். இந்த ஐந்து கணக்குகளும் பெரியவர்களை மட்டும் பன்மையில் எழுதியிருந்தன. பிள்ளைகளுக்கும் மீன்களுக்கும் ஒருமை. இப்படியொரு பிழையை ஐந்து பேர் தனித்தனியே செய்ய வழியில்லை என்றார் நிர்வாகி.

“ஒருமைன்னுதானே நான் சொல்லித் தந்தேன்?”

“சொன்ன. அதுக்காவ, பாதர் கோயிலக் கெட்டினான்னு எப்படி எழுத? கை வரல்ல.”

ஆத்திரத்தோடு தன் கட்டுரைகளைத் திறந்தாள். அவளே மூன்று இடத்தில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

அது மரியாதைப் பன்மை என்று விளக்கலாம் என்றால், மெலாரோ அகராதியில் மரியாதைக்கென்று ஒரே ஒரு சொல். அதற்குப் பொருள் தொப்பியைக் கழற்றுவது.

“நம்ம ஊருல எவன் தொப்பி வச்சிருக்கான்?” என்றான் ரெனிஷ்.

நாலு மணிக்குக் கரண்டு போய்விடும். பத்து நிமிடம்தான் இருந்தது. எழுதி எழுதி அழித்தாள். ஸ்பேஸ் பார் வேறு அமுங்கி நின்றுகொண்டு உயிரை வாங்கியது. கடைசியில் நின்றது இரண்டே வரி.

ரெனிஷ் குனிந்து பார்த்தான். “ஏட்டி, அந்த நிர்வாகியையும் பன்மையிலதான் எழுதிருக்க.”

அழித்துவிட்டு ஒருமையில் அடித்தாள். முகம் தெரியாத ஒரு பெரிய மனுஷரை வாடா போடா என்று கூப்பிட்டதுபோல் இருந்தது. மறுபடி பன்மையாக்கி, சேமி என்பதை அழுத்தினாள்.

“நாங்கள் ஐந்து பேர். மூடுவதற்கு முன்னால் எங்களில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஐந்து பதில் வரும்.”