டோக்கன் இல்லாமல் போனவள்

பெண்களுக்காக வாதாடுகிறேன் என்று கறுப்புக் கோட்டு மாட்டி இருபது வருடம் ஆகிறது. புருஷனிடம் அடிபட்டவள், சொத்தில் பங்கு கேட்டு அண்ணன் தம்பிகளிடம் ஏச்சு வாங்கியவள் என்று எத்தனையோ பேருக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆனால் மூத்திரத்துக்காக வாதாடியது அன்றுதான் முதல் தடவை.

என் கட்சிக்காரி ஒரு தையல்காரி. அவள் வேலை பார்த்த துணிக் கம்பெனியில் ஒரு வரிசைப் பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன். அதை சூப்பர்வைசரிடம் வாங்கிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். ஒருத்தி போயிருந்தால் மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். இவள் ஒரு நாள் பொறுக்க முடியாமல் டோக்கன் இல்லாமல் ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது வேலை போயிருந்தது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

கம்பெனி தரப்பு சீனியர் வக்கீலுக்கு வாய் நீளம். "இது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயங்க ஐயா. கொஞ்சம் அடக்கிக்கிட்டா குடியா முழுகிடும்?" என்று கேட்டுவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில் நானும் ஒரு பாட்டிலைக் காலி செய்தேன்.

என் முறை வந்தது. நிதானமாக ஆரம்பித்தேன். ஒரு பழைய தீர்ப்பை வாசித்தேன். இன்னொன்றை வாசித்தேன். அப்புறம் முதல் தீர்ப்பையே மறுபடியும் வாசித்தேன்.

சீனியர் காலை மாற்றிப் போட்டார். ஆட்டினார். கடைசியில் முகமெல்லாம் வேர்த்து எழுந்துவிட்டார்.

"ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடுறேன்."

"அவங்க முடிக்கட்டுமே," என்றார் நீதிபதி.

"முடியாதுங்க ஐயா, அவசரம்!"

விடுவேனா நான்? "கொஞ்சம் அடக்கிக்கிட்டா குடியா முழுகிடும் சார்? டோக்கன் வச்சிருக்கீங்களா?"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து தையல்காரி மட்டும் சிரிக்காமல் எழுந்தாள்.

"மேடம், பாவம்ங்க, அவரை விட்டுடுங்க. அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்."

சிரிப்பு அடங்கியது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நீதிபதி கையசைத்தார், சீனியர் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

திரும்பி வந்தவரிடம் நீதிபதி, "உங்க வேலை பத்திரமா இருக்கு, உட்காருங்க," என்றார். "அந்தம்மா வேலையையும் திருப்பிக் குடுக்கச் சொல்லப் போறேன். டோக்கனையும் தூக்கிடச் சொல்லப் போறேன். ஆட்சேபணை உண்டா?"

சீனியர் இல்லையென்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் தையல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதைவிட அவசரமாக வேறொன்று வந்தது. கோர்ட்டு நாளில் தண்ணீரைத் தொடாமல் வருவதுதான் என் இருபது வருடப் பழக்கம். அன்றைக்கு மட்டும் குடித்துத் தொலைத்திருந்தேன்.

அவளையும் இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த பெண்கள் கழிப்பறைக்கு ஓடினேன். பூட்டு தொங்கியது.

"சாவி எங்கப்பா?" என்று காவலரிடம் கத்தினேன்.

"ஆபீஸ்ல இருக்கு மேடம். ஆபீஸ்காரங்க சாப்பிடப் போயிருக்காங்க. வர்ற வரைக்கும் கொஞ்சம் அடக்கிக்குங்க."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மேடம், இந்தக் கேஸை நீங்க ஏன் இன்னும் போடல?"