உள்ளிருந்து மூடிய கதவு

போர் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நிக்கோபார் தீவுகளுக்குக் கிழக்கே காவலில் இருந்த நம் நீர்மூழ்கிக் கப்பலை ஒரு காலையில் எதிரியின் போர்க்கப்பல் கண்டுபிடித்துவிட்டது. கேப்டன் ஸ்ரீதர் கப்பலைக் கடலடி மேடு ஒன்றில் மெல்ல இறக்கி, எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னார். சின்னச் சத்தம்கூட மேலே கேட்கக்கூடாது.

குண்டுகள் விழத் தொடங்கின. முதலில் தள்ளி வெடித்தன. பிறகு ஒன்று வெகு அருகில் வெடித்தது.

கப்பலின் பின்பகுதியில், மோட்டார் அறையில், தலைமை மெக்கானிக் உதயசூரியனும் எலக்ட்ரீஷியன் பாலமுருகனும் இருந்தார்கள். உதயசூரியன் அந்தமானின் மாயாபந்தரில் பிறந்தவன். பல தலைமுறைத் தீவுக்காரக் குடும்பம்; பேச்சில் இந்தி கலந்து வரும். பாலமுருகனுக்கு ராமநாதபுரம். வெடிப்பில் அறை விளக்குகள் அணைந்து, இருவரும் தரையில் விழுந்தார்கள். பாலமுருகன் எழுந்து கைவிளக்கை ஏற்றியபோது, மோட்டாரைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாய் பிளந்து, தண்ணீர் அறையின் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அதன் வழியில் கை வைத்தால் தோல் கிழிந்துவிடும். குழாயை அடைக்கும் வால்வு அந்தப் பாய்ச்சலுக்குப் பின்னால் இருந்தது. உதயசூரியன் குனிந்து நுழைந்து வால்வின் சக்கரத்தைப் பிடித்தான். அது இறுகிப்போயிருந்தது. தண்ணீரின் வேகம் அவனைச் சுவரில் தள்ளியது.

அறைக்கு முன்னால் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் உப்புநீர் பட்டால் விஷவாயு கிளம்பும். பிறகு கப்பலில் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

சுவரிலிருந்த போனில் கேப்டன் கூப்பிட்டார். “உதயா, பம்ப் போட முடியாது. சத்தம் கேட்டா மேல இருக்கறவன் விடமாட்டான். ரெண்டு பேரும் வெளிய வாங்க. கதவை மூடிடலாம்.”

“ரூம் ஃபுல் ஆயிட்டா கப்பல் மேல எழும்பாது சார். நான் உள்ளேயிருந்து மூடிக்கிறேன். நீங்க மெதுவா இந்த ரூமுக்குள்ள காத்தைத் திறந்துவிடுங்க. பிரஷர் ஏறினா தண்ணி வேகம் குறையும், வால்வை மூடிடுவேன்.”

“அந்த பிரஷர் உன் உடம்புக்கும்தான் ஏறும்.”

“மாலூம் சார், தெரியும்.”

“சரி. செய்.”

உதயசூரியன் திரும்பினான். “பாலா, சலோ, நீ வெளிய போ.”

“சக்கரத்தை நீங்க பிடிச்சா விளக்கை யாருண்ணே பிடிக்கிறது?”

“அரே பாகல், பைத்தியமா நீ? உனக்குக் கைக்குழந்தை இருக்கு!”

கனத்த இரும்புக் கதவைப் பாலமுருகனே இழுத்து மூடி, பிடியைத் திருகினான்.

காற்று உள்ளே வரத் தொடங்கியது. அறை சூடானது. காதுக்குள் ஆணி அறைவதுபோல வலித்தது. மூக்கைப் பொத்தி எச்சில் விழுங்கினார்கள். உதயசூரியனின் இடது காதில் ஏதோ அறுந்து, கழுத்தில் இரத்தம் வழிந்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. அழுத்தம் கூடக்கூடத் தலை கிறுகிறுத்தது. பாலமுருகனுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

உதயசூரியன் அவன் கன்னத்தில் அறைந்தான். “என்னைப் பாரு! பொண்ணு பேரு என்ன?”

“கா... காவேரி.”

“அவ பேரைச் சொல்லிக்கிட்டே விளக்கைப் பிடி.”

பாய்ச்சலின் வேகம் மெல்லத் தளர்ந்தது. உதயசூரியன் ஓர் இரும்புக் குழாயைச் சக்கரத்தில் செருகி நெம்பினான். குழாய் வழுக்கி, அவன் விரலைச் சக்கரத்தோடு நசுக்கியது. கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். பாலமுருகன் விளக்கைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவனும் குழாயைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். சக்கரம் அசைந்தது. மறுபடி அழுத்தினார்கள். தண்ணீர் ஒழுகலாகி, பிறகு நின்றது.

அப்போது தலைக்கு மேலே எதிரிக் கப்பலின் உந்துவிசிறிச் சத்தம் நெருங்கியது. இருவரும் அலை எழும்பாமல், இடுப்பளவு நீரில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் கடந்துபோனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. பிற்பகலில்தான் முழுவதும் ஓய்ந்தது.

உடனே கதவைத் திறக்க முடியாது. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே இருப்பவர்கள் உயிர் பிழைக்க மாட்டார்கள். கேப்டன் போனை விட்டு நகராமல், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கச் செய்தார். குளிரில் நடுங்கிய பாலமுருகனை உதயசூரியன் மார்போடு அணைத்துக்கொண்டு, மகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் கதவு திறந்தது. பம்ப் ஓடியது. கப்பல் மழையின் நடுவே மேலே வந்தது.

போர்ட் பிளேரில், உதயசூரியனுக்கு இடது காது இனிக் கேட்காது என்றார் டாக்டர். கப்பலில் போகவும் கூடாது என்றார். பாலமுருகனுக்குப் பெரிய பாதிப்பில்லை. ஊரின் மின்னி பே பகுதியில் இருந்த வீட்டில் உதயசூரியனின் மனைவி இந்திராணி அவன் கைக்கட்டைப் பிரித்து மருந்து போட்டாள்.

“அந்தக் கதவுக்கு வெளிய நின்னிருக்கலாம் இல்ல?” என்றாள்.

“நின்னிருக்கலாம். ஆனா எல்லாரும் அங்கயே கிடந்திருப்போம்.”

அவள் கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

சில நாளில் அவன் கப்பல் பழுதுபார்க்கும் துறைக்குப் போய் நின்றான். கேப்டன் ஸ்ரீதர் பார்த்துவிட்டார். “உனக்கு லீவு இருக்கே, உதயா?”

“புது வால்வு போடறாங்க சார். நான் பக்கத்துல இருக்கணும்.”

புதிய வால்வின் சக்கரத்தை ஒற்றைக் கையால் திருகி மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். திருப்தியான பிறகுதான் நகர்ந்தான். கப்பல் பாலமுருகனோடு மறுபடி கடலுக்குப் புறப்பட்ட காலையில், உதயசூரியன் கரையில் நின்று வழியனுப்பவில்லை. துறையில் அடுத்து வந்து நின்ற கப்பலின் மோட்டார் அறைக்குள், அதன் வால்வுகளைச் சரிபார்க்க ஏற்கெனவே இறங்கியிருந்தான்.