இருபத்திரண்டு சங்கரா

ஐந்தே முக்காலுக்கு அலாரம். எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டை வெட்டி அரை டம்ளர் காய்ச்சினேன். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். நேற்றைய மீதியும் அங்கே இருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டேன், முன்பக்கம் மட்டும். ஏழு பத்துக்கு நாவலூரில் ஆபீஸ் ஷட்டில் வந்தது. ஏழரைக்குச் சிறுசேரியில் இறங்கினேன்.

எட்டு மணிக்குத் துர்காதேவி அக்காவின் போன் அலறியது. எங்கள் குழுவில் மூன்றே பேர். அக்காதான் தலைமை. பார்த்திபன் புதுப்பட்டினம் கரையில் நின்று செயலியைச் சோதிப்பவன். நிரல் எழுதுவது நான். மீன் விற்கும் பெண்களுக்கான செயலி. எந்தப் படகு கரைக்கு வந்தது, என்ன மீன், ஏலம் எந்த விலையில் நிற்கிறது என்று காட்டும்.

அக்கா ஸ்பீக்கரில் போட்டார். பார்த்திபனின் போனைப் பிடுங்கிப் பேசியது முனியம்மா. நாற்பது மீன்காரப் பெண்களின் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம்.

"இன்னாம்மா உங்க ஆப்பு? அமுக்கிட்டு, வெத்தல போட்டு, மென்னு துப்பிட்டுப் பாக்கறேன், இன்னும் வெள்ளையாவே கீது. ஏலம் முடிஞ்சி மீனு கொழம்புல கொதிச்சிகினு கீது!"

"முனியம்மாக்கா, ஒரு நிமிஷம்..." என்றார் அக்கா.

"பத்து மணிக்குப் பெரிய போட்டுங்க வரும். அதுக்குள்ள டக்குனு தொறக்கல, நாப்பது பேரு போன்லயும் அழிச்சிடுவேன். அப்பால கம்ப்யூட்டரக் கட்டிகினு அழுவுங்க."

அந்த நாற்பது பேரைத் தவிர எங்கள் செயலியை வைத்திருப்பவர் யாருமில்லை. அவர்கள் அழித்தால் செயலி இல்லை. குழுவும் இல்லை.

இரண்டு வாரமாக நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம். கரையில் சிக்னல் மோசம், அதனால்தான் என்று. யாரும் அளந்து பார்க்கவில்லை. எங்கள் போன்கள் விலை உயர்ந்தவை. அவற்றில் இரண்டு விநாடியில் திறந்தது. முனியம்மாவிடம் இருக்கும் அதே மாடலை அக்கா நேற்றுத்தான் பழைய போன் கடையில் வாங்கி வந்திருந்தார். கேபிளில் மாட்டினேன். அமுக்கினேன். எண்ணினோம். பன்னிரண்டு விநாடி.

இன்னொரு முறை திறந்து, அந்தப் பன்னிரண்டு விநாடியும் போன் என்ன செய்கிறது என்று பதிவு செய்தேன். திரையில் ஃபிளேம் கிராஃப் வந்தது. பட்டை மேல் பட்டையாக அடுக்கிய படம். ஒவ்வொரு பட்டையும் ஒரு ஃபங்ஷன், நிரலில் ஒரு துண்டு. கீழே இருப்பது மேலே இருப்பதைக் கூப்பிட்டிருக்கிறது. உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அகலம்தான் நேரம்.

"நெட்வொர்க் எங்கடா?" என்றார் அக்கா.

தேடினேன். ஓரத்தில், தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு.

"அப்ப நடுவுல இது இன்னா, தோசக்கல்லு மாரி?"

இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே ஆரஞ்சுப் பட்டை. மேலே சுட்டியை வைத்தேன். படக் கோப்பைத் திரையில் காட்டுவதற்காக விரிக்கும் வேலை. அதைக் கூப்பிட்டது யார்? பட்டியலில் ஒரு வரியைக் கட்டும் ஃபங்ஷன். அதை எழுதியது யார்? நான்.

இருபத்திரண்டு படகு, இருபத்திரண்டு வரி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கட்டைவிரல் நகமளவு ஒரு சங்கரா மீன். திரையில்தான் நகமளவு. கோப்பு, நான் போனில் எடுத்த முழுப் படம், பன்னிரண்டு மெகாபிக்சல். ஒரு தடவை விரிக்க அரை விநாடி. வரிக்கு வரி புதிதாக விரித்திருக்கிறது. தனித்தனியாக இருந்தால் கண்ணில் பட்டிருக்காது. கிராஃப் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் படுக்க வைத்திருந்தது.

அக்கா வாயைப் பொத்தினார். முடியவில்லை. "டேய் ஆல்வினு! ஒரே சங்கராவ இருவத்திரெண்டு தடவ ஆஞ்சிகினு இருந்திருக்கோம்டா!" சிரிப்பில் சுழல் நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் இடித்தது. அதற்கும் சிரித்தார்.

என் மனைவி சிநேகா இறந்து எட்டு மாதம். அதன்பின் என் எதிரில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

"அக்கா, இன்னா சிரிப்பு?" வெட்டாமல் வைத்திருந்த ஸ்பீக்கரில் பார்த்திபன். "இங்க எம்மேல ஐஸ்கட்டி வுடறாங்க!"

"மீனுதான்டா பேஜாரு. ஆல்வின், அந்தப் படத்தத் தூக்கு. ரெண்டு நிமிஷ வேல."

"தூக்க மாட்டேன்."

"மீன்காரிக்கு மீனு படம் இன்னாத்துக்குப்பா?" இது முனியம்மா. "நாங்க மீன பாத்ததே இல்லியா?"

"மீன் இருக்கும்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து வரிசையில் இரண்டு தலைகள் எழுந்தன.

மணி ஒன்பது இருபது. அக்கா என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கட்டும். ஆனா பத்து மணிக்குள்ள தொறக்கணும். இல்லன்னா மீனும் இல்ல, ஆப்பும் இல்ல."

கோப்பையே சுருக்கினேன். தொண்ணூற்றாறு பிக்சல். ஒரே தடவை விரித்து, இருபத்திரண்டு வரிக்கும் அதையே கொடுக்கும்படி மாற்றினேன். மறுபடி பதிவு. தோசைக்கல்லைக் காணோம். சீப்புப் பல் மாதிரி ஒல்லி ஒல்லியாகக் கொஞ்சம் பட்டைகள், அவ்வளவுதான். அக்கா பழைய போனை எடுத்து அமுக்கினார். "ஒண்..." என்று தொடங்குவதற்குள் திறந்துவிட்டது. மூடினார். அமுக்கினார். "ஒ..." மூடினார். அமுக்கினார். பதினான்கு தடவை. பதினைந்தாவது தடவை நான் போனைப் பிடுங்கி அமுக்கினேன்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்குப் புதிய செயலியைப் பார்த்திபனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம். ஸ்பீக்கரில் அலைச் சத்தம். பிறகு ஒரு கத்தல்.

"ஐய! அமுக்கறதுக்கு முன்னியே தொறக்குதுடீ!"

"என்னுதுல பாரு, என்னுதுல பாரு!"

"ஏய், எனுக்கு அனுப்புடா பார்த்திபா!"

கரை முழுக்கப் பெண்கள் செயலியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். யார் போன் முதலில் திறக்கிறது என்று பந்தயம். பார்த்திபன் கெஞ்சினான்: "யக்கோவ், போட்டு வந்துட்ச்சி! ஏலம் வுடறாங்க! மூஞ்ச தூக்கிப் பாருங்க!" யாரும் தூக்கவில்லை. அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினார். ஏதோ ஒரு சத்தம் கேட்டது. நான் சிரிக்கும் சத்தம். நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

"யப்பா ஆல்வினு," முனியம்மா மூச்சு வாங்கினார். "நல்லா கீது. ஆமா, அந்த மீன மட்டும் தூக்க மாட்டேன்னியே, இன்னாத்துக்கு?"

சிரிப்பு இன்னும் வயிற்றில் இருந்தது. அதனால் சொல்ல முடிந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தா. மூன்று நாள் காய்ச்சல். ஸ்ட்ரெச்சர் வரும்வரை சிநேகா என் போனை வாங்கி, நான் எழுதிக்கொண்டிருந்த செயலியைத் திறந்து பார்த்தாள். அப்போதெல்லாம் செயலியின் முதல் திரை முழுக்க ஒரே சங்கராதான். ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒன்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதன்பின் கண் விழிக்கவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டார். ஜெபம் செய்தாள் என்றேன். சபையில் அதைச் சொல்லி எல்லோரும் அழுதார்கள். அடக்கம் முடிந்து வந்து, அன்றே அவள் கேட்டதைச் செய்தேன். அரைகுறையாக. திரையில் மட்டும் சுருக்கினேன், கோப்பைத் தொடவில்லை. சுருங்கியதும் வரிக்கு வரி வைக்க இடம் இருந்தது. வைத்தேன்.

"அப்படி இன்னாதாம்பா கேட்டுச்சி அந்தப் பொண்ணு?" என்றார் முனியம்மா.

அவள் சொன்னபடியே சொன்னேன்.

"இன்னாபா இது, அந்த மீன சின்னதாக்கு. என்னையே மொறச்சிகினு கீது."