அறுபத்திரண்டு லிட்டர்

கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் சட்டைக்கு மூன்றாவது பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. சாவு வீட்டு வாசலில் எவன் ஹாரன் அடிக்கிறான் என்று கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலை அடைத்துக்கொண்டு அவளும் கணவரும் வாங்கிய வண்டி நின்றது. போன வருஷம் ஷோரூமிலிருந்து வந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இப்போது ஒரு சாண் உயர்ந்து, முரட்டு டயர் மாட்டி, பட்டாளத்தில் சேர்ந்த மாதிரி ஆகியிருந்தது. சேற்றில் சிக்கினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு விஞ்ச். ஆற்றில் இறங்கினாலும் என்ஜின் மூச்சு விடக் கண்ணாடியோரம் ஒரு குழாய். கூரைமேல் இரும்புத் தட்டு, பின்னால் ஏணி.

சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு பட்டறைக்காரன் இறங்கினான். வாய் திறந்தால் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் பேசுவான் என்பதால் அவனுக்குப் பெயரே ஸ்பிரிங். வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிப்போனது.

"சார் இன்னிக்குக் காலையில டெலிவரி வேணும்னு சொன்னாரே..."

கொழுந்தன் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தான். "அண்ணன் நேத்தே போய்ட்டாருங்க. பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு."

ஸ்பிரிங் வண்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதான். நேற்றிலிருந்து வந்துபோனவர்களில் உண்மையாக அழுதவன் அவன் ஒருத்தன்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷத்தில் பிணத்துக்குப் பக்கத்தில் நாத்தனாரும் நாலு கிழவர்களும்தான் மிச்சம்.

அவளும் எழுந்து போனாள். அதில் தப்பென்ன? அந்த வண்டிக்குள் அவள் தைத்த திரைகள் தொங்குகின்றன. இத்தனை நாளும் பட்டறைப் பக்கம் வரவே கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு என்று அவர் தடுத்துவிட்டார்.

முப்பது வருஷம் டைல்ஸ் கடை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கடையை விற்ற அன்று, "இனிமே நீயும் நானும்தான். பாலைவனம், மலை, எங்க ரோடு முடியுதோ அதுக்கு அந்தாண்டயும் போறோம்" என்றார். மூன்று மாதப் பயணம். அவள் பூந்தொட்டிகளைக்கூட அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

ஏற்றப்போகும் பொருளையெல்லாம் எடை போட்டுத் தராமல் ஸ்பிரிங் கையில் ஸ்பேனர் எடுக்க மாட்டான். எடைக்கு ஏற்ற ஸ்பிரிங், அதற்கு ஏற்ற வண்டி, அதுதான் அவன் வேதம். அதனால் அவள் சமையலறைத் தராசில் வீட்டையே நிறுத்தாள். கெட்டில் எண்ணூற்று நாற்பது கிராம். போர்வை ஒன்றேகால் கிலோ. கடைசியில் அவளும் குளியலறைத் தராசில் ஏறி நின்றாள். அறுபத்தாறு.

"நீ நாலு கிலோ குறைஞ்சா நாலு லிட்டர் தண்ணி கூட எடுத்துக்கலாம்" என்று அவர் சிரித்தார். சிரிப்புக்குச் சொன்னதைச் சீரியஸாக எடுத்துக்கொள்கிற ஜாதி அவள். இரண்டு மாதம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். தராசு அறுபத்திரண்டு காட்டிய அன்று கூடத்துக்கு ஓடிவந்து சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அறுபத்திரண்டா? சரி, எழுதிக்கிறேன்" என்றார்.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்துக் கதவு, அவளுடைய கதவு. அதைத் திறந்தாள்.

உள்ளே இருக்கை இல்லை. அந்த இடத்தில், தரையோடு போல்ட் போட்டு, பளபளவென்று ஒரு எவர்சில்வர் தொட்டி நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒரு படுக்கை, ஒரு ஆள் அகலம். மாட்டி வைத்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. அவள் தைத்த திரைகள் மட்டும் ஜோடியாக இருந்தன.

"தம்பி, என் சீட்டு எங்க?"

ஸ்பிரிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "பத்திரமா கொண்டாந்திருக்கேன்க்கா. ஒரிஜினல் தோலாச்சே, தூக்கிப் போட மனசு வரல." பின்பக்கம் கட்டி வைத்திருந்த இருக்கையை, பிளாஸ்டிக் உறையோடு, முற்றத்தில் நாற்காலிகளுக்கு நடுவே இறக்கி வைத்தான். "உங்களுக்கு முட்டி வலி, வர முடியலன்னு சார் ரொம்ப வருத்தப்பட்டாருக்கா."

அவள் முட்டி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. மாடிப்படியை நாளைக்கு இருபது தரம் ஏறி இறங்குகிறாள்.

"எப்பச் சொன்னாரு?"

வண்டியின் பின்கதவு உட்பக்கத்தில் அவன் எப்போதும் எடைப் பட்டியல் ஒட்டுவான். அதைக் காட்டினான். முதல் வரி: ஓட்டுபவர், 81. இரண்டாவது வரியில் 'பயணி' என்பது அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'தண்ணீர்' என்று எழுதியிருந்தது. அதற்கு நேராக இருந்த எண்ணை யாரும் அடிக்கவில்லை. 62. கீழே தேதி, அவள் கூடத்துக்கு ஓடிவந்த அன்றைக்கு மறுநாள்.

"ஆள் வரல, அந்த எடைக்குத் தண்ணி வச்சிருன்னு போன்ல சொன்னாரு. சீட்டு எடையும் தொட்டி எடையும் ஏறக்குறைய ஒண்ணு. அதனால ஸ்பிரிங்க மாத்த வேண்டி வரல" என்றான், தொழில்காரனுக்கே உரிய சின்னப் பெருமையோடு. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அக்கா... உங்களுக்குத் தெரியாதா?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் டயரைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"அண்ணி, இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். வேற தப்பா ஒண்ணுமில்ல அண்ணி, சத்தியமா. ஒரே ஒரு தடவ தனியா போய்ட்டு வரணும்னு ஆசைப்பட்டாரு. உங்ககிட்டச் சொல்லத்தான் தைரியம் வரல. கிளம்புற அன்னிக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தாரு."

வேறு தப்பு இல்லையாம். இன்னொருத்தி இருந்திருந்தாலாவது அவள் குடுமியைப் பிடித்து உலுக்கலாம். தண்ணீர்த் தொட்டியை என்னவென்று திட்டுவது? அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த இரண்டு மாதமும் எரிந்த அதே இடத்தில் எரிந்தது. பசி என்று ஒரு ராத்திரிகூட அவரிடம் சொன்னதில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போனாள். நாலாவது பொத்தான், ஐந்தாவது, ஆறாவது. கழுத்துப் பொத்தானை அவர் என்றைக்கும் போட்டதில்லை, மூச்சு முட்டுகிறது என்பார். அதையும் போட்டாள்.

"பாவம், மனசு மரத்துப்போச்சு" என்று நாத்தனார் யாரிடமோ சொன்னாள்.

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். அவள் கொழுந்தனின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து மயானத்துக்குப் போனாள். வழியெல்லாம் அவன் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் பார்வையை மாற்றுவதுமாக இருந்தான்.

எல்லாம் முடிந்து நாலு மணிக்குத் திரும்பியபோது வாடகை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். முற்றத்தில் அந்தத் தோல் இருக்கை மட்டும் கிடந்தது. வண்டியை முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஸ்பிரிங் இருக்கையின் பக்கத்தில் சாவியோடு நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, வண்டிய பட்டறைக்கே எடுத்துட்டுப் போய்டட்டுமா? சீட்ட மாட்டித் தர்றேன். அரை நாள் வேலைதான்."

"தொட்டியில தண்ணி இருக்கா?"

"ரொப்பித்தான் கொண்டாந்தேன். முழு எடையோட ஓட்டிப் பாக்கணும்னு சார் சொல்லியிருந்தாரு."

"எப்படித் திறக்கறது?"

"வண்டிக்கு அடியில குழாய் இருக்கு. ஆனா காலி பண்ணா அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும்க்கா. அந்த எடைக்கு வச்ச ஸ்பிரிங்கு."

"நிக்கட்டும்."

குனிந்து குழாயைத் திருகினாள். விரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்தது. டயரை நனைத்து, சக்கரத்தைச் சுற்றி, முற்றத்துக் கல்லில் வழி தேடிக்கொண்டு ஓடியது.

"ரொம்ப நேரம் ஆகும்க்கா."

"ஆகட்டும். நான் எங்க போகப்போறேன்."

இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தாள். அடியில் கால் இல்லாததால் ரொம்பத் தாழ்வாக இருந்தது. முழங்கால்கள் மார்புக்கு வந்தன. பெல்ட்டைச் செருகும் கொக்கி இடுப்பில் இடித்தது. கை தானாக ஒருமுறை தோளுக்குமேல் போய்த் தேடிவிட்டு மடிக்குத் திரும்பியது. பெல்ட் வண்டியோடு நின்றுவிட்டிருந்தது.

கொழுந்தன் வாசல்வரை வந்து, பார்த்துவிட்டு, உள்ளே போனான். தண்ணீர் மெல்ல முற்றத்தைக் கடந்து அவள் பாதத்தை வந்து தொட்டது. அவள் காலை எடுக்கவில்லை.